கடிகாரம் யார் கையில்?

நூற்பாலையில் ஒர்க் ஸ்டடிக்காரன் ஷெட்டுக்குள் காலை வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் கடைசி ரிங் ஃப்ரேம் வரை செய்தி போய்விடும். கையில் ஓர் அட்டை, அட்டையின் மூலையில் பொருத்திய ஸ்டாப் வாட்ச், ஒரு பென்சில். 1979-இல் கோவையில் ஒரு மில்லில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொடுத்தவை இவ்வளவுதான். பிறகு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, அதன்பின் ஆலோசனைப் பணி என்று நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதற்குள் மேலாண்மைக் கோட்பாடு என்ற பெயரில் எத்தனையோ வந்திறங்கியதைப் பார்த்துவிட்டேன். பாடப்புத்தகத்தில் அவை ஒன்றன்பின் ஒன்றாக, பழையது போய்ப் புதியது வந்த கணக்கில் இருக்கும். ஷெட்டுக்குள் பழையது எதுவும் போகவில்லை. எல்லாமே ஒரே கேள்வியைத்தான் சுற்றிச்சுற்றி வந்தன: வேலையைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது, அதை அளக்கிற கடிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்?

எனக்குக் கிடைத்த முதல் வேலை, நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம்களைப் பார்த்துக்கொள்ளும் சைடர்களின் வேலைச்சுமையைக் கணக்கெடுப்பது. ஒரு சைடர் எத்தனை பக்கம் பார்ப்பது என்பதுதான் அன்றைக்கு மில்லில் பெரிய பேச்சு. ஒரு பக்கம் கூட்டினால் ஷிப்டுக்கு ஆள் குறையும். ஆள் குறைந்தால் எச்.ஓ.கே. இறங்கும். 100 கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி ஆகிறது என்ற கணக்கு அது. 1956-இல் கோவையில் தொடங்கிய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா, மில்களின் உற்பத்தித்திறனை ஒப்பிட்டு அறிக்கை தரும். அதில் நம் மில் பின்தங்கியிருந்தால் மறுநாளே வாட்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

நடப்பது, அறுந்த நூலை ஒட்டுவது (பீசிங்), ரோவிங் என்ற பஞ்சுத்திரியை மாற்றுவது, சுத்தம் செய்வது என்று வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து நேரம் எடுப்போம். நேரம் மட்டும் போதாது, ரேட்டிங்கும் போட வேண்டும். மணிக்கு 4 மைல் வேகத்தில் நடந்தால் 100 என்பது பிரிட்டிஷ் அளவு. அதை மனதில் வைத்துக்கொண்டு இவர் 85, அவர் 110 என்று பார்வையாலேயே மதிப்புப் போட வேண்டும். களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் அலவன்ஸ் சேர்த்தால் ஸ்டாண்டர்டு நேரம் வந்துவிடும். வாட்ச் காட்டுவது துல்லியம். ரேட்டிங்கோ பார்ப்பவரின் தீர்மானம். அந்த இடத்தில்தான் யூனியன்காரர்கள் எங்களைப் பிடிப்பார்கள்; பிடித்ததில் நியாயமும் உண்டு.

அந்த மில்லில் மூத்த சைடர் ஒருவர், ரிங் ஃப்ரேமிலேயே இளமை முழுவதையும் கழித்தவர். நான் பின்னால் வந்து நின்றால் அவர் நடை மாறிவிடும். ஒவ்வொரு பீசிங்கும் நிதானமாக, பாடம் நடத்துகிற மாதிரி நடக்கும். ஒருநாள் டீ இடைவேளையில் அவரே பேச்செடுத்தார். "ஏனுங்க சார், இன்னைக்கு நான் வெரசலாச் செஞ்சு காட்டுனா, நாளைக்கு இன்னொரு சைடு சேத்திப் போடுவீங்க. அப்புறம் ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே ஓட்டம் ஓடோணும். நான் ஓடிருவேன்னே வெச்சுக்குங்க, என்ற பக்கத்துல நிக்கறவன் என்ன பண்ணுவான்?"

வாட்ச்சை ஆபீசில் வைத்துவிட்டு வருகிறேன், வேலையை எனக்குச் சொல்லிக்கொடுங்கள் அண்ணா என்றேன். சிரித்துவிட்டு, வாங்க என்றார்.

அவர் அறுந்த நூலைத் தேடிப் போகிறவர் இல்லை. தனக்கென்று ஒரு சுற்று வைத்திருந்தார். சுற்றில் வரும்போதுதான் அதை எடுப்பார். அறுந்த முனையிலிருந்து வரும் பஞ்சை நியூமாஃபில் குழாய் உறிஞ்சிக்கொண்டிருக்கும்வரை பதற்றம் வேண்டாம், கொஞ்சம் கழிவு கூடும், அவ்வளவுதான். ஆனால் பஞ்சு ரோலரில் சுற்றிக்கொண்டால் விட மாட்டார். லாப்பிங் கனத்துவிட்டால் பக்கத்து ஸ்பிண்டிலின் நூலும் போகும். அதற்கு மட்டும் சுற்றை முறித்துக்கொண்டு ஓடுவார். ஃப்ரேமின் கோடியில் நின்று நீளவாட்டில் ஒரு பார்வை பார்ப்பார். வரிசையில் ஒரு டாப் ரோலர் மயிரிழை தூக்கி நின்றால் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். பீசிங்கும் அப்படித்தான். முழங்காலால் பிரேக்கைத் தள்ளி ஸ்பிண்டிலை நிறுத்தி, காப்ஸில் நுனியைக் கண்டுபிடித்து, டிராவலரில் மாட்டி, கொக்கி வழியாக ஏற்றி, ஃப்ரன்ட் ரோலரின் வாயில் கொடுப்பதற்கு மூன்று நான்கு வினாடிதான் எடுத்துக்கொண்டார். நான் அட்டையில் எழுதி வைத்திருந்த நேரத்தில் பாதிகூட இல்லை. அந்த அட்டையில் அவருடைய சுற்றுக்கு ஒரு வரியும் கிடையாது. அவருடைய தொழில் முழுவதும் அந்தச் சுற்றில்தான் இருந்தது.

ஒர்க் ஸ்டடியின் முன்னோடியான ஃபிரடெரிக் டெய்லருக்கு இந்தச் சைடரைப் புரிந்திருக்கும். 1878-இல் பிலடெல்பியாவின் மிட்வேல் ஸ்டீலில் கூலியாளாகச் சேர்ந்து மேலே வந்தவர் டெய்லர். தொழிலாளர்கள் கூடிப் பேசி வேகத்தைக் குறைத்து வைத்திருப்பதை உள்ளேயிருந்து பார்த்தவர். நிறையச் செய்து காட்டினால் முதலாளி பீஸ் ரேட்டை வெட்டிவிடுவான் என்ற பயம்தான் அதற்குக் காரணம் என்பதை அவரே ஒப்புக்கொண்டு எழுதினார். தொழிலாளியிடம் தலைமுறையாகச் சேர்ந்திருக்கும் அறிவை நிர்வாகம் எடுத்துக்கொள்ள வேண்டும், அளந்து விதியாக்கித் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் சொன்ன வழி. 1899-இல் பெத்லஹேம் ஸ்டீலில் வார்ப்பிரும்புக் கட்டிகளைச் சுமந்த ஒருவரைப் பற்றி அவர் எழுதியது உலகப் பிரசித்தம். புத்தகத்தில் பெயர் ஷ்மிட், உண்மைப் பெயர் ஹென்றி நோல். நாளுக்குப் பன்னிரண்டரை டன் சுமந்தவர் 47 டன் சுமந்தார், கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. அந்தக் கதைக்கு டெய்லர் நிறைய மெருகேற்றியிருக்கிறார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். மெருகை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எனக்கு உறுத்துவது அந்தக் கணக்கு. சுமை ஏறத்தாழ நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டியது.

டெய்லரின் அந்தப் புத்தகம் 1911-இல் வெளிவந்தது. அதே வருடம் ஆகஸ்டில் வாட்டர்டவுன் அரசு ஆயுதசாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் ஸ்டாப் வாட்ச்சை எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். விவகாரம் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. ராணுவ ஆலைகளில் ஸ்டாப் வாட்ச் வைத்து நேரம் எடுக்கப் பணம் செலவிடக் கூடாது என்று 1915-இல் தடை வந்து, 1949 வரை நீடித்தது. ஒரு சின்னக் கருவிக்கு எதிராக ஒரு நாட்டின் சட்டம் முப்பது வருடத்துக்கு மேல் நின்றிருக்கிறது. இதைப் படித்த பிறகு, மில் கேட்டில் எங்களைப் பார்த்து முகம் திருப்பிக்கொண்டவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை.

எங்கள் மில்லில் கூடுதல் பக்க விவகாரம், தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் தொழில் தகராறு சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் ஒப்பந்தமாக முடிந்தது. கூடுதல் பக்கத்துக்குக் கூடுதல் கூலி. ரோவிங்கைக் கொண்டுவந்து வைப்பதும் கீழே கூட்டிச் சுத்தம் செய்வதும் வேறு ஆளுக்குப் போனது. சைடர் தன் சுற்றை விடாமல் போக வேண்டும் என்பதுதான் அதற்கு அடிப்படை. நான் எடுத்த நேரங்களைவிட அந்த மூத்தவர் சொல்லிக்கொடுத்த வேலைமுறைதான் ஒப்பந்தத்தைத் தாங்கியது.

வாட்ச் இல்லாத ஒரு முறையும் எங்களிடம் இருந்தது. ஷெட்டைச் சுற்றிவந்து, அந்தந்தக் கணத்தில் எத்தனை மெஷின் ஓடுகிறது, எத்தனை நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போவது. ஸ்னாப் ஸ்டடி என்போம். 1930-களில் மான்செஸ்டர் ஷர்லி இன்ஸ்டிட்யூட்டில் டிப்பெட் என்ற புள்ளியியலாளர் நெசவுத் தறிகளை வைத்து உருவாக்கியது. இன்றைக்கு ஆஸ்பத்திரி முதல் அலுவலகம் வரை எங்கும் பயன்படுகிறது. மேலாண்மை என்றாலே இரும்பும் காரும்தான் பலருக்கு நினைவு வரும். பஞ்சாலைக்குள் பிறந்தவை எத்தனையோ உண்டு.

அப்படி ஒன்று அகமதாபாத்தில் நடந்தது. எங்கள் மில்லில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் யாருமில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு நூலில்தான் நான் படித்தேன். லண்டன் டாவிஸ்டாக் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ் 1953-இல் காலிகோ மில்லுக்கு வந்தார். தானியங்கித் தறி போட்டும் உற்பத்தி எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. ஒர்க் ஸ்டடி செய்து வேலையைச் சின்னச்சின்னப் பதவிகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள்; ஒவ்வொருவருக்கும் தறியின் எண்ணிக்கை வேறு, ஒருவர் வேலை எங்கே முடிந்து அடுத்தவர் வேலை எங்கே தொடங்குகிறது என்பதே குழப்பம். ஒரு குழுவுக்கு இத்தனை தறி, உள்வேலையை அவர்களே பகிர்ந்துகொள்ளட்டும் என்ற யோசனையை ரைஸ் முன்வைத்தார். அதை நிர்வாகம் திட்டமாக வகுப்பதற்கு முன்பே தொழிலாளர்கள் கையில் எடுத்துக்கொண்டு தாங்களே குழு சேர்ந்தார்கள். தொடக்கத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தியும் ஏறியது, துணியில் பழுதும் குறைந்தது. 1970 வாக்கில் டாவிஸ்டாக் ஆய்வாளர் ஒருவர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு ஷெட்டில் குழுமுறை நிலைத்திருந்தது, மற்ற இடத்தில் கரைந்து போயிருந்தது. எண்பதுகளில் எங்கள் மேலாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அது நம் நாட்டு மில்லில், நம் நாட்டுத் தொழிலாளர்கள் செய்தது என்பதை அவர் காதில் ஏற்ற முடியவில்லை என்பது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

எண்பதுகளின் கடைசியில் மனித உறவுக் கோட்பாடு எங்கள் பக்கம் வந்தது. மேஸ்திரிகளையும் சூப்பர்வைசர்களையும் ஓட்டல் ஹாலில் உட்கார வைத்து மாஸ்லோவின் தேவைகள் முக்கோணம், மெக்ரிகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள் என்று நடத்துவார்கள். சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வு கட்டாயம் இடம்பெறும். விளக்கைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது, ஆகவே தொழிலாளிமேல் அக்கறை காட்டுங்கள் என்று முடிப்பார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதே ஆய்வின் இன்னொரு அறை. டெலிபோன் சுவிட்சுகளுக்குக் கம்பி கட்டும் பிரிவைச் சேர்ந்த 14 பேரை 1931-இல் தனியறையில் வைத்துக் கவனித்தார்கள். ஒரு நாளுக்கு இவ்வளவுதான் என்று அவர்களுக்குள் ஓர் அளவு இருந்தது. தாண்டிப் போகிறவனுக்குத் தோளில் ஒரு குத்து விழும். கூடுதலாகச் செய்தால் ரேட் குறையும், ஆள் குறையும் என்ற அதே எண்ணம். எங்கள் சைடர் டீ குடித்துக்கொண்டு சொன்னதை அங்கே ஆராய்ச்சியாளர்கள் பக்கம் பக்கமாகப் பதிந்து வைத்திருந்தார்கள். பயிற்சி வகுப்பில் இந்த அறையை யாரும் திறந்து காட்டியதில்லை.

ஹாதார்னில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை உட்கார வைத்துப் பேட்டி கண்டார்கள். நான் நிஜமாகப் பயன்படுத்திக்கொண்டது அதைத்தான். மூன்றாம் ஷிப்டில் ஆள் வராத பிரச்சினைக்கு ஊக்கத்தொகை, எச்சரிக்கைக் கடிதம் எல்லாம் செய்து பார்த்தாயிற்று. வீட்டுக்கு வந்து பேசலாமா என்று கேட்டு, சிலர் வீடுகளுக்குப் போனேன். பல பேர் சூலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். கடைசி பஸ் போய்விட்டால் சைக்கிள்தான். ஷிப்ட் தொடங்கும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்ததும் வராதவர் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது.

1990-களில் சென்னைக்கு மாறினேன். அம்பத்தூர்ப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. ஜப்பான் என்ற சொல் இல்லாமல் அங்கே ஒரு மீட்டிங் நடக்காது. 1998-இல் சுந்தரம் க்ளேட்டனின் பிரேக் பிரிவு தரத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது. இந்திய நிறுவனம் ஒன்றுக்கு அந்தப் பரிசு அதுதான் முதல் தடவை. பிறகு சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டி.வி.எஸ். மோட்டார் என்று அடுத்தடுத்து வாங்கின. சப்ளை செய்கிற சின்னக் கம்பெனிகள் வரைக்கும், அளவுகளைப் புள்ளி வைத்துத் தரத்தைக் கண்காணிக்கும் கன்ட்ரோல் சார்ட் வந்து சேர்ந்தது.

கன்ட்ரோல் சார்ட்டின் பிறப்பு 1924. பெல் நிறுவனத்தில் வால்டர் ஷூவார்ட் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு. ஹாதார்ன் ஆலையில் செய்த டெலிபோன்களின் தரத்துக்காகத்தான் அதுவும். ஷூவார்ட் 1947-48-இல் மகலனோபிஸின் அழைப்பில் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கே வந்து தங்கிப் பாடம் நடத்திவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங் ஜப்பானில் தன் புகழ்பெற்ற உரைகளை நிகழ்த்தியது 1950-இல். விஷயம் நமக்கு முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் இங்கே அது நிபுணர்களிடமும் இன்ஸ்பெக்ஷன் ரூமிலும் தங்கிவிட்டது. ஜப்பானில் இஷிகாவா அதை ஃபோர்மேன் கைக்குக் கொண்டுபோனார். 1962-இல் ஃபோர்மேன்களுக்கென்றே பத்திரிகை நடத்தி, தரவட்டங்களைத் தொடங்கினார்கள். நான் சேர்ந்த தொழிற்சாலையிலும் சார்ட்டை இன்ஸ்பெக்டர்தான் போட்டுக்கொண்டிருந்தார். ஷிப்ட் முடிந்து புள்ளி வைப்பார். அதற்குள் கெட்ட பீஸ் பெட்டி நிறைந்திருக்கும். ஆபரேட்டரே அளந்து அவரே புள்ளி வைக்க ஆரம்பித்த பிறகுதான், டூல் தேய்வதை நாலு புள்ளிக்கு முன்பே பார்த்து மாற்றினார்கள். சார்ட் அதே சார்ட், கணக்கும் அதே கணக்கு.

எங்கள் பிரஸ் ஷாப்பில் டை (அச்சு) மாற்ற அரை ஷிப்ட் ஆகும். டொயோடாவில் 1,000 டன் பிரஸ்ஸுக்கு நான்கு மணி நேரமாக இருந்ததை ஒன்றரை மணி ஆக்கி, 1969-இல் மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தவர் ஷிகியோ ஷிங்கோ. இவர் தைபே ரயில்வே பணிமனையில் இருந்தபோது டெய்லரைப் படித்துத்தான் இந்தத் துறைக்கே வந்தார். வாடகைக்கு ஒரு வீடியோ கேமரா எடுத்து, டை மாற்றுவதை முழுக்கப் பிடித்தோம். கில்பிரெத் தம்பதி 1912 வாக்கிலேயே படம் பிடித்து அசைவுகளை ஆராய்ந்தவர்கள். ஆராய்ந்தது அவர்கள், பிடிக்கப்பட்டது தொழிலாளி. நாங்கள் டிவியைக் கான்டீனில் வைத்து, ரிமோட்டை ஆபரேட்டர்கள் கையில் கொடுத்தோம். முதல் கால் மணி நேரம் கேலி, சிரிப்பு. பிறகு ஒருவர் நிறுத்தி, "இந்த ஸ்பேனரைத் தேடி எத்தனை தடவை போயிட்டு வரோம், பாருங்க" என்றார். இன்னொருவர், போல்ட் தேவைக்கு மேல் நீளம், பத்துப் புரி சுற்றுகிறோம், பிடிப்பதென்னவோ கடைசிப் புரிதான் என்றார். போல்ட்டைக் குட்டையாக்கினார்கள். டைகளின் உயரத்தை ஒன்றாக்க அடியில் பிளேட் வைத்தார்கள். ஸ்பேனருக்குச் சக்கரம் வைத்த வண்டி செய்தார்கள். சில மாதத்தில் அரை மணி நேரத்துக்குள் டை மாறியது. எந்த என்ஜினியரும் அட்டையில் எழுதித் தரவில்லை.

கலிபோர்னியா ஃப்ரீமான்டில் நடந்ததை அப்போதுதான் தேடிப் படித்தேன். ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய ஆலையை 1984-இல் டொயோடாவுடன் சேர்ந்து மறுபடி திறந்தார்கள். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள், அதே யூனியன். அங்கே தொழிலாளர் குழுவே ஸ்டாப் வாட்ச்சை எடுத்து ஒருவர் வேலையை ஒருவர் அளந்து, நல்ல முறையைத் தாங்களே எழுதினார்கள். டெய்லரின் கருவி அப்படியே இருந்தது. பிடித்த கை மாறியது. தரத்திலும் உற்பத்தியிலும் அந்த ஆலை ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளைத் தாண்டியது.

இந்த ஜப்பானிய முறைகளை நாம் கொண்டுவந்தபோது ஒன்றை விட்டுவிட்டோம். 1950-இல் டொயோடாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரிய போராட்டம் நடந்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அதன்பின் நிர்வாகமும் யூனியனும் உடன்பாட்டுக்கு வந்து, இருப்பவர்களுக்கு வேலை நிலைக்கும் என்ற உறுதியின்மேல்தான் கான்பான், கைஸன் என்ற டொயோடா முறைகள் எல்லாம் எழுந்தன. தன் யோசனையால் தன் வேலையே போகாது என்று தெரிந்தவன் யோசனை சொல்வான். 2000-க்குப் பிறகு நான் போன தொழிற்சாலைகளில் போர்டு பளிச்சென்று இருந்தது, மஞ்சள் கோடு நேராக இருந்தது, லைனில் நின்றவர்கள் கான்ட்ராக்ட் ஆட்களும் டிரெயினிகளும். கைப்பழக்கம் வருவதற்குள் அனுப்பிவிடுவார்கள். அவர்களிடம் போய் முன்னேற்ற யோசனை எழுதிப் போடு என்று கேட்பது அநியாயம். பல நிர்வாகங்களிடம் இதை எழுத்தாகவே கொடுத்திருக்கிறேன், கேட்டவர்கள் சிலர்.

இப்போது திரும்பவும் நூற்பாலைகளுக்குப் போய்வருகிறேன். ரிங் ஃப்ரேமில் ஒவ்வொரு ஸ்பிண்டிலுக்கும் சென்சார். நூல் அறுந்தால் அந்த இடத்தில் விளக்கு எரியும், ஃப்ரேமின் கோடியில் எரியும் விளக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும். சைடர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளம்பெண்கள். விளக்கு கூப்பிடும் இடத்துக்குப் போகிறார்கள். பழைய சைடர் கண்ணில் வைத்திருந்தது இப்போது மெஷினில் இருக்கிறது, அது நல்லதே; புதிதாக வருகிறவர் சீக்கிரம் பழகுகிறார். அறுந்தது எத்தனை, ஒட்ட எத்தனை நிமிடம் ஆயிற்று என்ற கணக்கெல்லாம் மேலாளரின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இருநூறு வருடத்துக்கு முன் ஸ்காட்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவன் ஒவ்வொரு தொழிலாளி பக்கத்திலும் நாலு நிறம் பூசிய மரக்கட்டையைத் தொங்கவிட்டார். கறுப்பு மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. நேற்றைய வேலைக்குத் தக்க நிறத்தை மேற்பார்வையாளர் திருப்பி வைப்பார். அந்தக் கட்டையையாவது தொழிலாளி பார்க்க முடிந்தது.

அண்மையில் ஒரு மில்லில் ஒரு நிபந்தனை வைத்தேன். திரையை ஷெட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள். திரும்பத் திரும்ப அறுக்கும் ஸ்பிண்டில்களின் பட்டியலைச் சைடருக்குக் காட்டுங்கள். காரணத்தை அவர் குறிக்க ஓர் இடம் கொடுங்கள், அதையும் அவருடைய மொழியில் கொடுங்கள் என்றேன். இரண்டு ஃப்ரேமில் செய்து பார்க்கச் சம்மதித்தார்கள். முதல் வாரமே ஒரு பெண், தன் ஃப்ரேமில் நடுப்பகுதி ஸ்பிண்டில்கள் மட்டும் ஏன் அதிகம் அறுக்கின்றன என்று காட்டினார். மேலே ஓடும் கிளீனரின் காற்றுக்குழாய் ஒன்று வளைந்து, அந்த இடத்தில் பஞ்சுத் தூசியை நேராக நூலின்மேல் அடித்துக்கொண்டிருந்தது. மெயின்டனன்ஸ் ஆள் வந்து குழாயைத் திருப்பினார். மேலாளர் அன்றைக்கே மற்ற ஃப்ரேம்களுக்கும் திரை வாங்க எவ்வளவு ஆகும் என்று கேட்டுக் கொட்டேஷன் போடச் சொன்னார்.